பத்துக் கோடு என்பது எத்தனை மில்லிகிராம்? குப்பியிலிருந்து ஊசிமருந்தை அளந்து எடுப்பது

சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக் குறைப்புக்கும் போடும் செமாகுளூட்டைடு, டிர்ஸெபடைடு போன்ற பெப்டைடு மருந்துகள் ஊசிப் பேனாவில் வரும்போது அளவு பார்க்கும் வேலையில் பெரும்பகுதியைப் பேனாவே செய்துவிடுகிறது. திருப்பினால் எண் தெரியும். அழுத்தினால் அந்த அளவு இறங்கும். அதே மருந்து குப்பியாக வந்து, கூடவே ஓர் இன்சுலின் சிரிஞ்சும் கையில் கொடுக்கப்பட்டால், முழுப் பொறுப்பும் போட்டுக்கொள்பவர் தலையில் வந்து விழுகிறது. ஐந்து மடங்கு, பத்து மடங்குத் தவறுகள் நடப்பது அங்கேதான்.

2024 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தகங்கள் தனியாகக் கலந்து குப்பியில் தரும் செமாகுளூட்டைடில், வேண்டிய அளவைவிட 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதில் சொல்லப்பட்ட ஒரு நிகழ்வு: 0.25 மி.கி. கொடுக்க நினைத்த மருத்துவர், 5 யூனிட் என்று எழுதுவதற்குப் பதிலாக 25 யூனிட் என்று எழுதிவிட்டார். நோயாளியின் உடம்பில் 1.25 மி.கி. ஏறிக் கடுமையான வாந்தி. இன்னொன்றில் 2 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 20 யூனிட். மூன்று பேருக்குப் பத்து மடங்கு மருந்து போனது. இவற்றை எழுதியவர்கள் மருத்துவர்கள், படித்துப் பழகியவர்கள். ஆகவே இதை அசட்டைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மருந்தை ஒரு அலகிலும், கருவியை வேறொரு அலகிலும் வைத்துக்கொண்டு நடுவில் மனக்கணக்குப் போடச் சொன்னால், யாருக்கும் வழுக்கும்.

வழுக்கும் இடம் ‘யூனிட்’. இன்சுலினைப் பொறுத்தவரை யூனிட் என்பது மருந்தின் வீரியத்துக்கான அளவு. யு-100 இன்சுலின் என்றால் 1 மி.லி. திரவத்தில் 100 யூனிட் இன்சுலின் இருக்கிறது. யு-100 சிரிஞ்சில் உள்ள கோடுகள் அந்த ஒரு மருந்துக்காகவே போடப்பட்டவை. அதே சிரிஞ்சில் வேறு மருந்தை எடுத்தால் கோடுகளுக்கு அந்த அர்த்தம் போய்விடுகிறது. அப்போது 1 யூனிட் என்பது வெறும் 0.01 மி.லி. திரவம், அவ்வளவுதான். அந்தத் திரவத்துக்குள் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று சிரிஞ்சுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது குப்பியின் லேபிளில் உள்ள செறிவு, அதாவது ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்ற எண், மட்டுமே.

எனவே “நான் 10 யூனிட் போடுகிறேன், நீங்கள் எவ்வளவு?” என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. ஒரு மி.லி.க்கு 2.5 மி.கி. உள்ள குப்பியில் 10 யூனிட் என்றால் 0.25 மி.கி. ஒரு மி.லி.க்கு 5 மி.கி. என்றால் அதே 10 யூனிட் 0.5 மி.கி. ஒரு மி.லி.க்கு 10 மி.கி. என்றால் 1 மி.கி., அதாவது முதல் குப்பியைவிட நான்கு மடங்கு. சிரிஞ்சைப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கணக்கு

போட வேண்டிய மில்லிகிராமை, ஒரு மி.லி.யில் உள்ள மில்லிகிராமால் வகுத்தால் மி.லி. கிடைக்கும். அதை 100ஆல் பெருக்கினால் யு-100 சிரிஞ்சின் கோடு. 0.25 மி.கி. போட வேண்டும், செறிவு மி.லி.க்கு 5 மி.கி.: 0.25 ÷ 5 = 0.05 மி.லி.; 0.05 × 100 = 5 யூனிட்.

இதோடு நிறுத்தாமல் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 5 யூனிட் என்பது 0.05 மி.லி.; அதை 5ஆல் பெருக்கினால் 0.25 மி.கி. வருகிறதா? வருகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தத் திருப்புக் கணக்கு, முதல் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் இடம் மாறியிருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்கு யூனிட்டே தேவையில்லை. குப்பியில் மொத்தம் எத்தனை மி.கி. இருக்கிறது, அதை ஒரு முறை போடும் அளவால் வகுத்தால் எத்தனை முறை வரும்? மி.லி.க்கு 5 மி.கி. வீதம் 2 மி.லி. உள்ள குப்பியில் 10 மி.கி. இருக்கிறது. 0.25 மி.கி. வீதம் எடுத்தால் 40 முறை. தவறுதலாக 25 யூனிட் எடுத்தால் அது 8 முறையில் தீர்ந்துவிடும். உங்கள் அளவுக்கு ஒரு குப்பி எத்தனை முறை வர வேண்டும் என்று மருந்து தருபவரிடம் கேட்டு, உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் முதல் ஊசி போடுவதற்கு முன்பே எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கணக்கில் 40 முறை வருகிறது என்பதற்காக ஒரு குப்பியை 40 வாரம் வைத்துக்கொள்ளக் கூடாது. திறந்த குப்பிக்கு நாள் கெடு உண்டு; அது பின்னால் வருகிறது.

மைக்ரோகிராமில் சொல்லப்படும் மருந்துகளில் இன்னொரு பள்ளம். 1 மி.கி. = 1000 மைக்ரோகிராம். எலும்புத் தேய்மானத்துக்கான டெரிபாரடைடு ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 0.02 மி.கி. ஆக்ட்ரியோடைடு ஆம்பூல்கள் மி.லி.க்கு 50, 100, 500 மைக்ரோகிராம் என்று வெவ்வேறு செறிவுகளில் வருகின்றன. 50க்கும் 500க்கும் நடுவே ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம். கணக்குப் போடும் முன் இரண்டு பக்கமும் ஒரே அலகுக்கு வந்தாக வேண்டும். மைக்ரோகிராமை மி.கி. செறிவால் வகுத்தால் ஆயிரம் மடங்கு பிசகும். நல்லவேளையாக அந்த அளவு சிரிஞ்சிலேயே அடங்காது என்பதால் பலர் தப்பித்திருக்கிறார்கள்.

அளவு கூட்டும்போது கூட்டிய விகிதமும் கோடும் சேர்ந்தே நகர வேண்டும். 0.25இலிருந்து 0.5க்குப் போனால், குப்பி மாறாதவரை 5 யூனிட் 10 யூனிட் ஆகும். புதுக் குப்பி வேறு செறிவில் வந்திருந்தால் பழைய கோட்டை மறந்துவிட வேண்டும். மிக அதிகமாகத் தவறு நடக்கக்கூடிய நாள், குப்பி மாறும் நாள்தான். கை பழைய கோட்டுக்கே போகும்.

இதற்கு டிர்ஸெபடைடு நல்ல உதாரணம். நிறுவனம் தயாரிக்கும் ஒற்றை வேளைக் குப்பிகளில் 2.5 மி.கி. ஆனாலும் 15 மி.கி. ஆனாலும் திரவம் 0.5 மி.லி.தான். மில்லிகிராம் கூடக்கூடத் திரவம் கூடுவதில்லை, செறிவுதான் கூடுகிறது. 2.5 மி.கி. குப்பியில் 10 யூனிட் கோடு 0.5 மி.கி.; 15 மி.கி. குப்பியில் அதே கோடு 3 மி.கி. பேனாக்களும் இதற்கு விலக்கல்ல. ஓசெம்பிக் (செமாகுளூட்டைடின் ஒரு வணிகப் பெயர்) பேனாக்கள் மி.லி.க்கு 0.68 மி.கி., 1.34 மி.கி., 2.68 மி.கி. என்று வெவ்வேறு செறிவுகளில் வந்திருக்கின்றன. ‘இத்தனை கிளிக் எண்ணினால் இத்தனை மி.கி.’ என்று கைமாறி வரும் பட்டியல்களை நம்பக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். ஒரு பேனாவுக்குச் சரியாக இருக்கும் கிளிக் கணக்கு அடுத்த பேனாவில் இரண்டு மடங்கு, நான்கு மடங்காகிவிடும். பேனாவின் சன்னலில் எந்த எண்கள் தெரிகின்றனவோ அவை மட்டுமே அந்தப் பேனா அளக்கத் தயாரான அளவுகள். பேனாவிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுப்பதும் கூடாது.

எழுத்தில் மூன்றும் வேண்டும்

மருந்துச் சீட்டிலும் குப்பியின் லேபிளிலும் மூன்று எண்கள் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள்: எத்தனை மில்லிகிராம், எத்தனை மி.லி., எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு. கூடவே செறிவும். “0.25 மில்லிகிராம், 0.05 மி.லி., யு-100 சிரிஞ்சில் 5 யூனிட், குப்பி மி.லி.க்கு 5 மில்லிகிராம்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அதில் ஒன்று பிசகினாலும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்று காட்டிக்கொடுக்கும். வெறும் ‘5 யூனிட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது சரியா தவறா என்று சோதிக்கவே வழியில்லை.

வீட்டில் கையால் எழுதி ஒட்டுபவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். மி.கி., மி.லி. இரண்டும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். அளவுக் குறிப்பில் மில்லிகிராம், மில்லிலிட்டர் என்று முழுதாக எழுதிவிடுங்கள். புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம்: ‘.5’ என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், ‘0.5’ என்றே எழுத வேண்டும். புள்ளிக்குப் பின் வெறும் பூஜ்யம் கூடாது: ‘5.0’ எளிதாக 50 ஆகிவிடும். யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்காதீர்கள். அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டு 5 என்பது 50 ஆவது மருத்துவமனைகளிலேயே நடந்திருக்கிற தவறு.

எந்தச் சிரிஞ்ச்

யு-100 இன்சுலின் சிரிஞ்சுகள் பொதுவாக மூன்று கொள்ளளவில் கிடைக்கின்றன: 0.3 மி.லி., 0.5 மி.லி., 1 மி.லி. வெளியே பார்க்க ஒரே குடும்பம். ஆனால் 1 மி.லி. சிரிஞ்சில் பெரும்பாலும் ஒவ்வொரு சிறு கோடும் 2 யூனிட், 0.5 மி.லி. சிரிஞ்சில் 1 யூனிட், 0.3 மி.லி. சிரிஞ்சுகளில் சில 1 யூனிட், சில அரை யூனிட். ஆகவே கோடுகளை எண்ணி எடுப்பது கூடவே கூடாது. அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அடுத்த எண்ணுக்கு நடுவே எத்தனை கோடு என்று பார்த்து, ஒரு கோட்டின் மதிப்பைக் கணக்கிட்ட பிறகே எடுக்க வேண்டும். 1 மி.லி. சிரிஞ்சில் 5 யூனிட் எடுக்க வேண்டுமென்றால் 4க்கும் 6க்கும் நடுவே கண்ணால் மதிப்பிட வேண்டும். அங்கே 1 யூனிட் தவறினால் வேளையில் 20 சதவீதம் போய்விடும். அதே 1 யூனிட் தவறு 50 யூனிட் எடுக்கும்போது வெறும் 2 சதவீதம். சிறிய அளவுக்குச் சிறிய சிரிஞ்ச் என்பது இதனால்தான். 10 யூனிட்டுக்குக் கீழே எடுப்பவர்கள் 0.3 மி.லி. சிரிஞ்சைக் கேட்டு வாங்குவது நல்லது. 2 யூனிட், 3 யூனிட் எடுக்கச் சொல்லும் அளவுக்குக் குப்பி அடர்த்தியாக இருந்தால், செறிவு குறைந்த குப்பி கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேட்பதே சரி.

யு-40 சிரிஞ்ச் தனி ஆபத்து. அதில் 40 யூனிட் என்பது 1 மி.லி., ஆகவே ஒரு யூனிட் கோடு 0.025 மி.லி. யு-100க்குப் போட்ட கணக்கை வைத்து யு-40 சிரிஞ்சில் ‘10’ வரை இழுத்தால் 0.1 மி.லி.க்குப் பதில் 0.25 மி.லி. வரும்: இரண்டரை மடங்கு. வழக்கமாக யு-40க்குச் சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. ஆனால் மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். மூடியைக் கழற்றி வைத்த பிறகு நிறம் உதவாது.

ஊசி கழற்றி மாட்டும் சாதாரண 1 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் மி.லி.யில் இருக்கும். அதில் 0.1 என்பது 10 யூனிட்டுக்குச் சமம், 0.05 என்பது 5 யூனிட்டுக்குச் சமம். ‘5’ என்று மனதில் வைத்துக்கொண்டு 0.5க்கு இழுத்தால் பத்து மடங்கு. இந்த வகையில் ஊசியின் அடிக்குழியில் மருந்து கொஞ்சம் தேங்கியும் போகும். ஊசி ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் அந்தத் தேக்கம் மிகக் குறைவு. உங்களுக்கு எந்தச் சிரிஞ்ச் வைத்து அளவு சொன்னார்களோ அதே வகையை மாற்றாமல் வாங்குங்கள். கடையில் ‘இதுவும் அதேதான்’ என்று வேறொன்றைக் கொடுத்தால், கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்காமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

எடுக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்: மருந்தின் பெயர், செறிவு, காலாவதித் தேதி, முதலில் திறந்த தேதி. தெளிந்த திரவமாக இருக்க வேண்டிய மருந்தில் கலங்கலோ துகளோ வழக்கத்துக்கு மாறான நிறமோ தெரிந்தால் போடக் கூடாது. செமாகுளூட்டைடு, டிர்ஸெபடைடு இரண்டும் தெளிந்த திரவங்களே; என்.பி.எச். இன்சுலின் போன்ற சில மட்டுமே இயல்பாகப் பால்போல் கலங்கி இருக்கும், அவற்றை உள்ளங்கையில் உருட்டிக் கலக்க வேண்டும். எதையும் குலுக்கக் கூடாது. பெப்டைடும் புரதமும் காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பில் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நுரை வர வர அந்தப் பரப்பு கூடுகிறது. நுரை அளவையும் கெடுக்கும்.

ரப்பர் மூடியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் துடைத்து, தானாகக் காயவிடுங்கள். ஊதிக் காயவைப்பது துடைத்ததை வீணாக்கும். புதுக் குப்பியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் தெரியும் ரப்பரும் கிருமியற்றது என்று கருத முடியாது. அதையும் துடைக்க வேண்டும்.

இப்போது எடுக்க வேண்டிய அளவுக்குச் சமமான காற்றைச் சிரிஞ்சில் இழுத்து, குப்பி நேராக நிற்கும்போது ஊசியைச் செருகி, திரவத்துக்குள் குமிழ் விடாமல் மேலே உள்ள காற்றுவெளியில் செலுத்துங்கள். இதைப் பலர் தேவையற்ற சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூடிய குப்பியிலிருந்து திரவம் மட்டும் வெளியேறினால் உள்ளே அழுத்தம் குறையும். ஒவ்வொரு முறையும் பிளஞ்சர் (சிரிஞ்சுக்குள் நகரும் தண்டு) குப்பிப் பக்கமாக இழுக்கப்படும், குமிழி கூடும், கோட்டில் நிறுத்தியது நகரும். பல வேளை எடுக்கும் குப்பியில் நாளாக ஆக இது மோசமாகும். தேவைக்கு மேல் காற்றைத் திணித்தாலும் கெடுதிதான். அழுத்தம் பிளஞ்சரைத் தள்ளும், ஊசியை எடுக்கும்போது மருந்து கசியும்.

ஊசி உள்ளே இருக்க, குப்பியைத் தலைகீழாக்கிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊசிமுனை திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். குப்பியில் மருந்து குறைந்துவிட்டால் ஊசியைச் சற்றே கீழே இழுத்து முனையை ரப்பருக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, வேண்டியதற்குக் கொஞ்சம் கூடுதலாக இழுங்கள். வேகமாக இழுத்தால் குமிழி வரும். சிரிஞ்சை விரலால் தட்டிக் குமிழியை மேலே ஏற்றி, அதைக் குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டுச் சரியான கோட்டுக்கு வந்து நிறுத்துங்கள். குமிழி நீக்கும் வேலை முழுவதும் ஊசி குப்பிக்குள் இருக்கும்போதே முடிய வேண்டும். வெளியே எடுத்தபின் தள்ளினால் எவ்வளவு காற்று போனது, எவ்வளவு மருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

தோலடியில் போடும் சிறு குமிழியால் உயிருக்கு ஆபத்து என்ற பயம் வேண்டாம். பிரச்சினை அளவுதான். 5 யூனிட் எடுக்கும் சிரிஞ்சில் 1 யூனிட் இடத்தைக் குமிழி பிடித்துக்கொண்டால், அன்றைய வேளையில் ஐந்தில் ஒரு பங்கு போகவில்லை.

பிளஞ்சரின் கறுப்பு ரப்பருக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. படிக்க வேண்டியது ஊசிப் பக்கம் உள்ள விளிம்பு. சில ரப்பர்களுக்கு நுனி குவிந்திருக்கும். அந்தக் குவிந்த நுனியைப் படிக்காமல், சிரிஞ்சின் சுவரை ஒட்டி நிற்கும் வளையத்தின் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். கண்ணும் கோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் ஒரு கோடு பிசகும். பார்வை மங்கியவர்கள் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். எடுத்த பிறகு, வீட்டில் வேறு யாராவது இருந்தால், எண்ணைச் சொல்லாமல் “இதில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேளுங்கள். “5 தானே?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

தூளில் கலக்க வேண்டியவை

சில பெப்டைடுகள் உறைய உலர்த்திய தூளாக வந்து, கரைக்கும் நீர் தனியாக வரும். அங்கே செறிவை நிர்ணயிப்பவர் கலக்குபவரே. 5 மி.கி. தூளில் 1 மி.லி. சேர்த்தால் மி.லி.க்கு 5 மி.கி.; 2 மி.லி. சேர்த்தால் 2.5 மி.கி. சேர்த்த நீரின் அளவை எழுதி வைக்காவிட்டால் அந்தக் குப்பியின் செறிவை அதன் பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. எனவே கலக்கியவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், குப்பியின் மேல் தேதியும் சேர்த்த அளவும் கிடைத்த செறிவும் எழுதி ஒட்டுங்கள். எவ்வளவு நீர் என்பதை மருந்தோடு வந்த தாளே சொல்லும். சொந்த வசதிக்கு மாற்றக் கூடாது. நீரை நேராகத் தூளின்மேல் பீய்ச்சாமல் குப்பியின் உள்சுவர் வழியே மெல்ல இறங்க விடுங்கள். பிறகு மெதுவாகச் சுழற்றி, தானாகக் கரையக் காத்திருங்கள். பெரும்பாலான தூள் குப்பிகளுக்குள் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். நீர் தானாகவே உள்ளே இழுக்கப்படும். பிளஞ்சரைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கரைக்கும் நீரிலும் வகை உண்டு. கிருமித்தடை நீரில் வழக்கமாக 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் இருக்கும். உள்ளே தப்பித்தவறிப் போகும் கிருமி பெருகாமல் அது தடுக்கும். வெறும் கிருமியற்ற நீரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டுமே. பென்சைல் ஆல்கஹால் பிறந்த குழந்தைகளுக்கு ஆகாது. எந்த மருந்துக்கு எந்த நீர் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

‘ஆய்வுக்கு மட்டும்’ என்று எழுதி விற்கப்படும் தூள்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள கணக்கு முழுவதும், குப்பியில் லேபிள் சொல்லும் மருந்து லேபிள் சொல்லும் அளவில் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்தத் தூள்களில் அந்த நம்பிக்கைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. கிருமி நீக்கத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. அங்கே அரை யூனிட் வரை துல்லியமாக அளப்பது, எடைக்கல்லே பொய்யான தராசில் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. அவற்றை உடம்பில் ஏற்ற வேண்டாம்.

போடும்போதும் போட்ட பிறகும்

தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு வயிறு, தொடையின் முன்புற வெளிப்பகுதி, வேறொருவர் போடுவதானால் மேல்கையின் பின்புறம். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து குறைந்தது 1 செ.மீ. தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலடிக் கொழுப்பு கட்டியாகி, இன்சுலின் போன்ற மருந்துகள் சீராக உறிஞ்சப்படாது. பிறகு அளவு சரியாக எடுத்தாலும் பலன் ஏறி இறங்கும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததைச் சிறிது நேரம் வெளியே வைத்துப் போட்டால் எரிச்சல் குறையும். 8 மி.மீ. ஊசியானால் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுவது தசைக்குள் போகாமல் காக்கும். மருந்து முழுதும் இறங்கியபின் ஊசியைச் சில விநாடி உள்ளேயே வைத்திருங்கள். ஓசெம்பிக் பேனாவில் எண் பூஜ்யத்துக்கு வந்தபின் 6 விநாடி, இன்சுலின் பேனாக்களில் வழக்கமாக 10 விநாடி வரை. எடுத்தபின் தோலில் ஒரு துளி கசிந்தால் அதற்காக மறுபடி போடக் கூடாது. எவ்வளவு கசிந்தது என்று தெரியாமல் ஈடுகட்ட முயல்வது கூடுதல் வேளையில்தான் முடியும்.

சிரிஞ்ச் ஒரு முறைக்கு மட்டுமே. பேனா ஊசியையும் ஒவ்வொரு முறையும் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் மருந்து கசிவதும் காற்று உள்ளே போவதும் நடக்கும், அடுத்த வேளை குறையும். பேனாவை இன்னொருவரோடு பகிரவே கூடாது. ஊசியை மாற்றினாலும் முன்னவர் இரத்தம் மருந்துக்குள் வந்திருக்கலாம். பயன்படுத்திய ஊசிகளைத் துளைபடாத கெட்டியான டப்பாவில் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

பதப்படுத்தும் பொருள் உள்ள, பல வேளைக்கான குப்பியை முதல் முறை குத்திய நாளிலிருந்து, தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால், 28 நாளில் தூக்கி எறிய வேண்டும், உள்ளே பாதி மிச்சம் இருந்தாலும். பேனாக்களுக்கு நாள் கணக்கு தனி: ஓசெம்பிக் 56 நாள், அதே வகை மருந்தான லிராகுளூட்டைடு 30 நாள், டெரிபாரடைடு 28 நாள். ஒற்றை வேளைக் குப்பியில் ஒரு வேளைக்குப் பின் மிஞ்சுவதைச் சேர்த்து வைப்பது தவறு. அதில் பதப்படுத்தும் பொருள் இல்லாமல் இருக்கலாம், முழு வேளையையும் எடுக்க முடிய வேண்டும் என்பதற்காகவே குப்பியில் கொஞ்சம் கூடுதலாக நிரப்பப்பட்டிருக்கும். சேமிப்பு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். உறைந்துபோன மருந்தை, உருகித் தெளிந்துவிட்டாலும், பயன்படுத்தக் கூடாது. குளிர்பதனப் பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

அளவு கூடிவிட்டால்

ஊசி போட்ட பிறகு தவறு தெரிந்தால் காத்திருந்து பார்ப்பது சரியல்ல. உடனே மருத்துவரையோ நச்சுத் தகவல் மையத்தையோ அழையுங்கள், உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாதபோதே. செமாகுளூட்டைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டிர்ஸெபடைடுக்கு ஏறக்குறைய 5 நாள். குமட்டலும் வாந்தியும் ஒரு நாளில் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் நாள் நன்றாக இருப்பவர் இரண்டாம் நாள் தண்ணீர்கூடத் தங்காமல் வரலாம். ஆபத்து பெரும்பாலும் நீர்ச்சத்து இழப்பில் இருக்கிறது: சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றுவது, வாய் வறள்வது. முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி கணையம் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம்; தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சுலினோ கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளோ சேர்த்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும் அபாயம் அதிகம். அடிக்கடி சோதித்து, 70 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே போனால் விழுங்க முடிகிற நிலையில் 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். வாந்தியால் எதுவும் தங்கவில்லை என்றாலோ மயக்கம் தட்டினாலோ வாய்வழி எதையும் கொடுக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள். அடுத்த வேளையை மருத்துவர் சொல்லும்வரை போடக் கூடாது.

அளவு குறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், மிச்சத்தைக் கணக்கிட்டு இன்னொரு ஊசி போடாமல் அடுத்த வேளைக்கு விட்டுவிடுவதே பாதுகாப்பு. இன்சுலினானால் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். வேளையே தவறிவிட்டால், ஓசெம்பிக் 5 நாளுக்குள், டிர்ஸெபடைடு 4 நாளுக்குள் என்றால் போடலாம். அதைத் தாண்டினால் அந்த வேளையை விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடர வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது.

மருத்துவமனைக்குப் போகும்போது குப்பியையும் பெட்டியையும், பயன்படுத்திய சிரிஞ்சை மூடிய டப்பாவிலும் எடுத்துச் செல்லுங்கள். ‘20 யூனிட் போட்டேன்’ என்று மட்டும் சொன்னால் அங்கிருப்பவருக்கு எத்தனை மில்லிகிராம் போனது என்று தெரியாது. எந்த மருந்து, லேபிளில் என்ன செறிவு, எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டார், வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.